தொட்டால் போன் அடிக்க வேண்டும்: கொழும்புச் சிறு கடைகளுக்கான கூகுள் விளம்பர வழிகாட்டி

சித்தப்பாவுக்கு வெள்ளவத்தையில் ஏசியும் பிரிஜ்ஜும் திருத்துகிற சின்னக் கடை. அவருக்காக நான் போட்ட முதல் கூகுள் விளம்பரம் மூன்றே நாளில் நாலாயிரம் ரூபாயை விழுங்கியது. திரையில் பார்த்தால் எல்லாம் அழகாக இருந்தது: இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் தொட்டார்கள். சந்தோஷத்தோடு கடைக்குப் போய்க் கேட்டேன்.

"போன் அடிச்சதுதான் தம்பி. நான் ஏணியில நிக்கிறன், பெடியன் ட்ரில் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். ஆர் எடுக்கிறது?" என்றார்.

அன்றிலிருந்து யாருக்காவது விளம்பரம் போட உட்கார்ந்தால் நான் முதலில் கணினியைத் திறப்பதில்லை. கடையில் போன் யார் கையில் இருக்கும் என்றுதான் கேட்பேன். இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஏசி திருத்துபவரை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். குழாய் வேலை, வான் வாடகை, பல் வைத்தியம், ரியூஷன், எதுவானாலும் வழி இதுதான்.

முதலில் போன், பிறகுதான் விளம்பரம்

விளம்பரத்துக்கென்று ஒரு தனி சிம் எடுங்கள். பட்டன் போன் ஒன்றே போதும். அந்த எண்ணை விசிட்டிங் கார்ட்டிலோ கடைப் பலகையிலோ போடாதீர்கள். விளம்பரத்திலும் அந்த விளம்பரம் போய்ச் சேரும் பக்கத்திலும் மட்டும் இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

அந்தப் போன் ஏணியில் நிற்பவரின் சட்டைப் பையில் இருக்கக்கூடாது. சித்தப்பா கடையில் கடைசியில் அது சித்தியிடம் போனது. சமையலறையில் இருந்தபடி எடுப்பார். மூன்று கேள்விதான் கேட்பார்: எந்த இடம், என்ன மெஷின், எத்தனையாம் மாடி. மாடிக்கணக்கு ஏனென்றால், லிப்ட் இல்லாத ஃபிளட்டில் நாலாம் மாடிக்கு காஸ் சிலிண்டரைத் தூக்குவது தனி வேலை. சித்திக்குத் தமிழும் சிங்களமும் ஓடும், ஆங்கிலம் சமாளிப்பார். கொழும்பில் போன் எடுப்பவருக்கு இந்த மூன்றும் கொஞ்சமாவது வேண்டும். வருகிற கோல் எந்த மொழியில் தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது.

எடுக்க முடியாமல் போனால் கோல் வேறு எண்ணுக்குத் தானாக மாற ஒழுங்கு செய்யுங்கள். **61* என்று அடித்து, மற்ற எண்ணைக் கொடுத்து, # போட்டு டயல் செய்தால் பதில் இல்லாத கோல்கள் அங்கே போகும். லைன் பிஸியாக இருக்கும்போது மாற்ற இதே மாதிரி **67*. எல்லாவற்றையும் நீக்க ##002#. இவை ஜிஎஸ்எம் கைபேசி வலையமைப்புகளுக்குப் பொதுவான குறியீடுகள். போட்டுவிட்டு இன்னொரு போனில் இருந்து அடித்துச் சோதித்துப் பாருங்கள்.

சிறிய விஷயம் ஒன்று. புது சிம் என்று கடையில் தந்தாலும் எண் பழையதாக இருக்கலாம். நான் வாங்கிய ஒன்று, அழைப்பவர் பெயர் காட்டும் செயலிகளில் யாரோ ஒரு 'லோன் அங்கிள்' என்று காட்டியது. நாங்கள் திருப்பி எடுத்த கோல்களை ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் காரணம் பிடிபட்டது. அந்தச் செயலிகளில் எண்ணைத் தேடி, கடைப் பெயருக்கு மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

கணக்கைத் திறக்கும்போது

கூகுள் அட்ஸில் புதிதாக நுழைந்தால் அது உங்களை இலகுவான வழியில் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு மூன்று கேள்வி, ஒரு கார்ட் எண், விளம்பரம் தயார். அந்த வழியில் எந்தத் தேடலுக்குக் காசு போகிறது என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. 'எக்ஸ்பேர்ட் மோட்' என்ற சிறிய எழுத்தைத் தேடி அதற்கு மாறுங்கள். அங்கே 'சேர்ச்' வகையைத் தெரிவுசெய்யுங்கள். கூகுள் தேடலுக்கு வெளியே மற்றத் தளங்களிலும் விளம்பரத்தைக் காட்டுகிற சேர்ச் பார்ட்னர்ஸ், டிஸ்பிளே நெட்வேர்க் இரண்டின் பெட்டிகளிலும் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது கூகுளில் தேடுகிறவர் மட்டும்.

கணக்கின் நாணயத்தைத் திறந்த பிறகு மாற்ற முடியாது, யோசித்துப் போடுங்கள். நேர வலயம் கொழும்பாக இருக்க வேண்டும். வேறு ஊர் நேரம் விழுந்தால், நீங்கள் காலை எட்டு மணி என்று குறித்தது நடுச்சாமத்தில் ஓடும். விளம்பரதாரர் யார் என்று உறுதிப்படுத்த கூகுள் ஆவணம் கேட்கும். வியாபாரப் பதிவுச் சான்றிதழில் உள்ள அதே பெயரைக் கணக்கிலும் கொடுத்தால் அலைச்சல் மிச்சம்.

இடம்: வட்டத்தின் பாதி கடலில்

இடத்தைக் கேட்கும் பெட்டியில் கொழும்பு என்று அடித்ததும் வருகிற முதல் பெயரைத் தொட்டுவிடாதீர்கள். பிரேசிலிலும் ஒரு கொழும்பு இருக்கிறது, இலங்கை என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள்.

அதற்குக் கீழே மறைந்திருக்கும் 'லொகேஷன் ஒப்ஷன்ஸ்' என்பதைத் திறவுங்கள். சும்மா விட்டால், கொழும்பில் இருப்பவர்களோடு கொழும்பில் 'அக்கறை காட்டுகிறவர்களுக்கும்' விளம்பரம் போகும். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் வெள்ளவத்தையில் அக்கறை உண்டு! அங்கே இருப்பவர் தொட்டாலும் காசு உங்களுடையது. 'பிரசன்ஸ்', அதாவது அந்த இடத்தில் இருப்பவர்கள், என்பதை மட்டும் தெரிவுசெய்யுங்கள்.

இதில் எனக்கு ஒரு மறுயோசனையும் உண்டு. டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு, இங்கே ஃபிளட்டில் தனியாக இருக்கும் அம்மாவின் ஏசிக்கு ஆள் தேடுகிற மகள் நல்ல வாடிக்கையாளர். விலை பேசமாட்டார், சொன்ன நேரத்துக்கு ஆள் போனால் போதும் அவருக்கு. ஆனால் அவர் சர்வதேச கோல் எடுக்கமாட்டார், வட்ஸ்அப்பில்தான் வருவார். அவருக்காக வேண்டுமானால் பிறகு வேறொரு சின்ன விளம்பரம் போடலாம், கோல் பட்டன் இல்லாமல். முதல் விளம்பரத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

நகரம் முழுவதும் போடுவதா, கடையைச் சுற்றி வட்டம் போடுவதா? வட்டம் போடலாம். வெள்ளவத்தைக் கடைக்கு ஐந்து கிலோமீற்றர் வட்டம் போட்டால் பாதி கடலுக்குள் விழும். மீனுக்கு ஏசி தேவையில்லை, அதனால் நட்டமும் இல்லை. ஆனால் ஒரு கிலோமீற்றர், இரண்டு கிலோமீற்றர் என்று நெருக்காதீர்கள். மொபைல் டேட்டாவில் இருப்பவரின் இடத்தை கூகுள் எப்போதும் அவ்வளவு துல்லியமாகப் பிடிப்பதில்லை. பக்கத்துத் தெருக்காரரே வட்டத்துக்கு வெளியே போய்விடுவார். எல்லை போடும்போது தூரத்தை விட நேரத்தைப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்குக் காலி வீதியில் ஏறி கொட்டாஞ்சேனைக்கு ஆள் அனுப்புவது கட்டுப்படுமா? கட்டுப்படாத இடத்தில் இருந்து கோல் வாங்கிவிட்டு 'அங்கே வாறதில்லை' என்று சொல்வதற்கும் காசு கட்டியிருக்கிறீர்கள்.

ஆட்கள் உண்மையில் என்ன அடித்துத் தேடுகிறார்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. கொழும்பில் ஒரே தேவையை ஐந்து விதமாகத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் 'ஏசி ரிப்பெயார் வெள்ளவத்தை', இடத்தை எண்ணால் சொல்லி 'ஏசி சேர்விஸ் கொழும்பு 6', 'நியர் மீ' சேர்த்து, தமிழ் எழுத்தில் 'ஏசி திருத்துதல்', ஆங்கில எழுத்தில் சிங்களமாக 'ஏசி ஹதனவா'. வெள்ளவத்தைக்கே ஆங்கிலத்தில் ஏயில் முடியும் எழுத்துக்கூட்டலும் உண்டு, ஈயில் முடிவதும் உண்டு. கூகுள் எழுத்துப் பிழைகளை ஓரளவு தானாகப் பொருத்தும். இரண்டையும் போட்டுவைப்பதில் செலவு ஒன்றும் இல்லை.

எந்தச் சொல்லை விலை கொடுத்து வாங்குவது? தேடுகிறவர் இப்போதே போனைக் கையில் எடுக்கக்கூடியவரா என்று பாருங்கள். 'ஏசி தண்ணி ஒழுகுது' என்று தேடுபவரின் தரை நனைந்துகொண்டிருக்கிறது, அவர் கட்டாயம் கோல் எடுப்பார். 'ஏசி எப்படி வேலை செய்கிறது' என்று தேடுபவர் பாடசாலைப் பிள்ளை. 'ஏசி விலை' என்பவர் புதிது வாங்கப் போகிறவர். அவசரம், இடம், சேர்விஸ், காஸ் அடித்தல், இன்று, ஞாயிறு போன்ற சொற்கள் சேர்ந்த தேடல்கள்தான் கோலாக மாறும். அப்படி இருபது சொற்றொடர் போதும். முந்நூறு போட்டால் எது காசு தின்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போய்விடும்.

சொற்களைச் சேர்க்கும்போது பொருத்த முறையைக் கவனியுங்கள். வெறுமனே அடித்தால் அது 'புரோட் மெச்'. அதாவது கூகுள் தனக்குத் தொடர்பாகத் தெரிகிற எந்தத் தேடலுக்கும் விளம்பரத்தைக் காட்டும். மேற்கோள் குறிக்குள் போட்டால் 'ஃப்ரேஸ் மெச்', சதுர அடைப்புக்குள் போட்டால் 'எக்ஸெக்ட் மெச்'. சிறிய காசோடு தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு மாதமும் மேற்கோளோடும் சதுர அடைப்போடும் இருந்துகொள்ளுங்கள்.

அதே நாளிலேயே தவிர்க்கும் சொற்களையும், அதாவது நெகட்டிவ் கீவேர்ட்களையும், போட்டுவிடுங்கள்: வேலைவாய்ப்பு, சம்பளம், கோர்ஸ், பார்ட்ஸ், கார், ரிமோட், இரண்டாம் கை. 'கார்' என்பதை மறந்து நான் ஒரு வாரம் வாகன ஏசிக் கோல்களாக வாங்கியிருக்கிறேன். பெரிய கம்பனிகளின் சேர்விஸ் நிலையம் என்று நினைத்து எடுப்பவர்களும் வருவார்கள். வாரண்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள், உங்கள் காசு போய்விடும். 'வாரண்டி', 'கஸ்டமர் கெயார்' இரண்டையும் பட்டியலில் சேருங்கள்.

விளம்பரமும் கோல் பட்டனும்

முன்பு கோல் மட்டுமே வரும் தனி விளம்பர வகை ஒன்று இருந்தது. 2026 பெப்ரவரியோடு அதைப் புதிதாக உருவாக்குவதை நிறுத்துவதாகவும், ஏற்கெனவே ஓடுபவை 2027 பெப்ரவரியில் நிற்கும் என்றும் கூகுள் அறிவித்தது. ஆகவே பழைய காணொளிகளைப் பார்த்து அதைத் தேடி அலையாதீர்கள். சாதாரண சேர்ச் விளம்பரத்தோடு 'கோல் அசெட்' சேர்ப்பதுதான் இப்போது வழி. அதைச் சேர்த்தால் கைபேசியில் விளம்பரத்தோடு போன் பட்டனும் தெரியும்.

எண் உங்கள் வியாபாரத்துக்குரியதா என்று கூகுள் சரிபார்க்கும். அதே எண் உங்கள் பக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் பிரச்சினை குறைவு. தலைப்பிலோ விவரத்திலோ எண்ணை எழுதாதீர்கள். அது விதிக்கு மாறானது, விளம்பரம் நிராகரிக்கப்படும்.

வாசகம் எழுத உட்கார்ந்தால் தமிழுக்கு ஒரு சங்கடம் வரும். ஒரு தலைப்புக்கு 30 எழுத்து, விவரத்துக்கு 90. ஆனால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். வெள்ளவத்தை என்பது நமக்கு ஆறு எழுத்து, அந்தக் கணக்கில் பத்து. 'கொட்டாஞ்சேனையில் குளிர்சாதனப்பெட்டி' என்று அழகாக எழுதினால் அதுவே 35, உள்ளே போகாது. 'வெள்ளவத்தை ஏசி திருத்தம்' 24, போகும். செந்தமிழை வீட்டில் வைத்துவிட்டு, ஆட்கள் பேசுகிற சின்னச் சொற்களை எடுங்கள்.

பதினைந்து தலைப்பு வரை கேட்கும், கூகுள் அவற்றைக் கலைத்துக் கலைத்துக் காட்டும். எட்டு, பத்து கொடுத்தால் போதும். இடம் ஒன்று, வேலை ஒன்று, நேரம் ஒன்று, கோல் எடுக்கச் சொல்வது ஒன்று என்று இருக்கட்டும். 'மலிவு', 'தரம்', 'நம்பிக்கை' எல்லோரும் எழுதுவது. 'இன்றே வருகிறோம்' என்பது உண்மையானால் அதைப் போடுங்கள். பார்க்க வரும் கட்டணம் இவ்வளவு என்று போட்டால் கோல் குறையும், வருகிற கோல்களில் வேலை கூடும். நான் போடுகிற கட்சி. ஆங்கில விளம்பரத்திலும் தமிழில் பேசலாம் என்று ஒரு தலைப்பு வையுங்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்த ஒரு வரிக்காகவே எடுக்கும் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

கோல் அசெட்டுக்குத் தனி நேர அட்டவணை உண்டு. சித்தி போன் எடுக்கக்கூடிய நேரத்தை மட்டும் குறியுங்கள், கடை திறந்திருக்கும் நேரத்தை அல்ல. ஜும்ஆவுக்குப் போகிறவர் என்றால் வெள்ளி மதியம் ஒன்றரை மணி நேரம் வெட்டிவிடுங்கள். இரவில் பட்டன் மறையும், விளம்பரம் பக்கத்துக்குப் போகும், அங்கே வட்ஸ்அப் இருக்கும். காலையில் பார்த்துப் பதில் போடலாம். போயா தினத்தை இந்த அட்டவணையால் சமாளிக்க முடியாது. அதில் கிழமைதான் உண்டு, திகதி இல்லை. நாட்காட்டியில் போயாவைக் குறித்துவைத்து, கடை பூட்டென்றால் முதல்நாள் இரவே கையால் நிறுத்துங்கள்.

தலைப்பைத் தொடுபவர் போகும் பக்கம் ஒற்றைப் பக்கமாக இருந்தால் போதும். படங்களைக் குறையுங்கள், ரிலோட் போட்டு டேட்டா பாவிப்பவரின் போனில் சட்டென்று திறக்க வேண்டும். போன் பட்டன் திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கட்டும், எவ்வளவு கீழே இறங்கினாலும் கட்டைவிரலுக்கு எட்டும். பட்டனுக்குள் போடும் எண் +94 என்று தொடங்கட்டும், 011 அல்லது 077இன் முன் சைபரை எடுத்துவிட்டு. விடுமுறையில் வந்து வெளிநாட்டு சிம்மோடு நிற்பவரின் போனிலும் அப்போதுதான் கோல் போகும்.

எத்தனை கோல் வந்தது என்று எப்படித் தெரியும்?

பட்டனைத் தொட்டவர் எல்லோரும் கோல் எடுத்தவர் அல்ல. தொட்டதும் போனின் டயல் திரையில் எண் வந்து நிற்கும். அவர் இன்னொரு முறை பச்சையை அழுத்த வேண்டும். மனம் மாறி மூடிவிட்டாலும் தொட்டதற்குக் கூகுள் காசு எடுக்கும், தலைப்பைத் தொட்டால் எடுப்பது போலவே.

சில நாடுகளில் கூகுளே ஒரு இடைக்கால எண்ணைக் கொடுத்து, கோல் எத்தனை வினாடி நீண்டது என்றுவரை கணக்கு வைக்கும். உங்கள் கணக்கில் அந்த வசதி தெரியவில்லை என்றால் தனி சிம் இருக்கிறதே, அதன் கோல் பதிவுதான் உங்கள் அறிக்கை. அந்த எண்ணுக்கு வந்ததெல்லாம் விளம்பரத்தால் வந்தது. சித்தி ஒரு சிஆர் கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறார்: நேரம், இடம், மெஷின், வேலை கிடைத்ததா, எவ்வளவு. எந்த மென்பொருளிலும் இவ்வளவு நல்ல கணக்கை நான் பார்த்ததில்லை. கணினிப் பக்கத்தில், 'செக்மென்ட்' என்பதற்குள் 'கிளிக் டைப்' போட்டால், எத்தனை பேர் தலைப்பைத் தொட்டார்கள், எத்தனை பேர் போனைத் தொட்டார்கள் என்று பிரித்துக் காட்டும். உங்கள் இணையப் பக்கத்தில் உள்ள பட்டன் தொடுகையையும் ஒரு 'கன்வேர்ஷன்' ஆக, அதாவது விளம்பரம் தந்த பலனாக, பதியலாம், இணையத்தளம் செய்தவரிடம் சொன்னால் செய்து தருவார்.

காசு

நாளுக்கு 1500 ரூபாய் என்று போட்டால் ஒரு நாளில் 3000 வரை போகலாம், திடுக்கிடாதீர்கள். கூகுள் அப்படிக் கூட்டிக் குறைக்கும். ஆனால் மாதத்துக்கு நாள் கணக்கின் 30.4 மடங்கைத் தாண்டாது, அதாவது 45,600. அந்தத் தொகை கையைச் சுடும் என்றால் நாள் கணக்கைக் குறையுங்கள். விளம்பர இடத்தைக் கூகுள் ஏலத்தில்தான் கொடுக்கும்; அந்த ஏல முறையில் முதலில், தொடுகைகளைக் கூட்டப் பார்க்கும் 'மெக்ஸிமைஸ் கிளிக்ஸ்' எடுத்து, ஒரு தொடுகைக்கு அதிகபட்சம் இவ்வளவு என்று உச்சவரம்பு போடுங்கள். கோல் கணக்கு ஒழுங்காகச் சேர்ந்த பிறகு கன்வேர்ஷனை நோக்கி மாற்றலாம். கணினியில் தேடுபவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றால், 'டிவைஸ்' பகுதியில் கணினிக்கும் டேப்லெட்டுக்கும் 100 சதவீதம் குறைத்துவிட்டால் கைபேசிக்கு மட்டும் ஓடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1500 ரூபாய்க்கு பத்துப் பேர் போன் பட்டனைத் தொட்டார்கள், அதில் ஏழு பேர் உண்மையாகவே உங்களுக்கு அடித்தார்கள், நீங்கள் ஐந்துக்குப் பதில் சொன்னீர்கள், இரண்டு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேலைக்கு 750 ரூபாய் விளம்பரச் செலவு. தவறவிட்ட அந்த இரண்டையும் எடுத்திருந்தால் மூன்றாவது வேலையும் கிடைத்திருக்கலாம், செலவு 500க்கு இறங்கும். ஏலத்தைத் திருகித் திருகி 250 ரூபாய் மிச்சம் பிடிக்க எவ்வளவு நாள் மினக்கெட வேண்டும் தெரியுமா? ஏசி நின்றுபோய் வியர்த்துக்கொண்டிருப்பவர் காத்திருக்கமாட்டார், அடுத்த விளம்பரத்தைத் தொட்டுவிடுவார். தவறிய கோலுக்கு ஐந்து நிமிடத்துக்குள் திருப்பி எடுங்கள்.

கிழமைக்கு ஒரு தரம், சனி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஆட்கள் உண்மையில் அடித்த தேடல்களைக் காட்டும் 'சேர்ச் டேர்ம்ஸ்' அறிக்கையையும் சித்தியின் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். சம்பந்தமில்லாத தேடல்கள் தவிர்ப்புப் பட்டியலுக்குப் போகும். கோல் தந்த தேடல் சதுர அடைப்புக்குள் போகும். இடையில் கூகுள் அனுப்புகிற 'பரிந்துரை'களில் பாதி செலவைக் கூட்டச் சொல்வதுதான், அவை தானாக அமுலாகும் அமைப்பை நிறுத்திவையுங்கள். காசைக் கூட்டுவது பற்றி எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: இரண்டு கிழமை தொடர்ந்து கொப்பியில் தவறிய கோல் ஒன்றும் இல்லாமல் இருந்தால்தான் அந்தப் பேச்சு. போன மாதம் சித்தப்பா கேட்டார், இன்னும் ஐந்நூறு போடுவமா என்று. சித்தி கொப்பியைத் திருப்பிக் காட்டினார். வியாழன் மாலை இரண்டு கோல், அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம். வியாழன் ஐந்து மணிக்குப் பிறகு பட்டனை வெட்டினோம், காசு அப்படியே இருக்கிறது.